முதல் தடவை கரண்ட் கொடுக்கும் முன்: கேள்வி பதில்

சென்னை ரிச்சி தெருவில் கணினி உதிரிகளை வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டுகிறவர்களுக்கும், பரணில் கிடந்த பெட்டியை இறக்கி மறுபடி ஓடவைக்க நினைப்பவர்களுக்கும் கை தயங்குவது ஒரே இடத்தில்தான்: பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போடும்போது. அது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

கல்லூரி மாணவர், தாம்பரம்: அண்ணா, எல்லாம் பூட்டியாச்சு. 60,000 ரூபாய் சாமான். ஸ்விட்ச் போட மட்டும் தைரியம் வரலை. போட்டதும் புகை வந்துட்டா?

புகைக்கான காரணம் ஸ்விட்ச் போடும் நொடியில் உருவாவதில்லை தம்பி. பூட்டும்போதே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்விட்சை முறைத்துக்கொண்டு இருக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

சுவர் ஸ்விட்சையும், கணினிக்குக் கரண்ட்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்சையும் போட்டதும் மதர்போர்டுக்கு (எல்லா உதிரிகளும் செருகும் பெரிய பலகைக்கு) போவது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருப்புக் கரண்ட் மட்டும். நிற வயர்களில் அது ஊதா. பல போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான். கேபினெட் பட்டனை அழுத்தினால் மதர்போர்டு பச்சை வயரை கிரவுண்டோடு சேர்க்கும். அப்போதுதான் 12, 5, 3.3 வோல்ட்கள் கிளம்பும். அவை நிலைப்பட்டபின், அரை வினாடிக்குள், எஸ்எம்பிஎஸ் 'பவர் குட்' சிக்னல் தரும். அது வரும்வரை புராசஸர் வேலையைத் தொடங்காது. எங்காவது ஷார்ட் இருந்தால் ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் தானாகவே அணைந்துகொண்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அழுத்தாமல் பிளக்கைப் பிடுங்கிக் காரணத்தைத் தேடுங்கள். இந்தப் பாதுகாப்பு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் எடையில்லாத டப்பாவில் இருக்கும் என்று நம்ப முடியாது. 60,000 ரூபாயில் கையைச் சுருக்கக் கூடாத இடம் அதுதான்.

பார்க்க வேண்டியவை: மதர்போர்டுக்கு அடியில் உள்ள பித்தளைத் தாங்கிகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். போர்டு சின்னது, கேபினெட் பெரியது என்றால் துளையே இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்று போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஷார்ட்டுக்கு அதுதான் வழக்கமான குற்றவாளி. அடுத்தது உருண்டு உள்ளே போன திருகாணி. பெட்டியை லேசாகச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்கும். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? கூலர் ஃபேன் வயர் 'சிபியு ஃபேன்' என்று அச்சிட்ட பின்னில்தான் இருக்கிறதா? முன்பக்கப் பட்டனின் வயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் பரவாயில்லை. விளக்கு வயர்களுக்கு மட்டும்தான் பிளஸ், மைனஸ்.

அப்படியும் பயம் போகவில்லையென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து, புராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், 8 பின் கேபிள்கள் மட்டும் போட்டு, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டோ அதற்கும் குறைவோ, ஷாக் அடிக்காது. படம் வர வேண்டுமானால் புராசஸரில் கிராபிக்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்டையும் செருகுங்கள். ஓடினால் பிறகு கேபினெட்டில் ஏற்றலாம்.

அம்பத்தூர்: பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கின்றன. புதிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுக்குப் பயப்படலாம் என்றால் இதற்குப் பயப்படுங்கள். கேபிளின் மதர்போர்டு முனைக்கும் டிஸ்க் முனைக்கும்தான் பொது நிர்ணயம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியே காலி. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் எதுவும் தவறாக நடக்கவில்லை. புதுப் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். பழையதை அதன் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள்.

போரூர்: 8 பின் கனெக்டர் இரண்டு விதமாக இருக்கிறதே. மாற்றிச் செருகிவிட்டால்?

நடுவில் 4+4 ஆகப் பிரிவது புராசஸருக்கு. மதர்போர்டின் மேல் மூலையில் போகும். 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருப்பதால் மாற்றிப் போட்டால் நேரடி ஷார்ட். அதைத் தடுக்கத்தான் பின் ஓட்டைகளில் சில சதுரமாகவும் சில மூலை மழுங்கியும் இருக்கும். முக்கினால்தான் போகும் என்றால் அது தப்பான இடம்.

ஆனால் சரியான இடத்தில் அழுத்தத் தயங்குவதும் நடக்கிறது. 24 பின் கனெக்டருக்கு நல்ல அழுத்தம் வேண்டும், போர்டு கொஞ்சம் வளையத்தான் செய்யும். ஒரு கையால் போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு கொக்கி மாட்டும்வரை அழுத்துங்கள். ரேம் 'டக்' என்று உட்கார வேண்டும். புதிய கிராபிக்ஸ் கார்டுகளின் 16 பின் கனெக்டரில் இன்னும் கவனம் வேண்டும். 600 வாட் வரை அந்தச் சின்ன முனை வழியாகப் போகிறது; பாதி செருகினால் தொடும் பரப்பு குறைந்து சூடேறி பிளாஸ்டிக் உருகும். இடைவெளி தெரியாமல் முழுக்க உள்ளே தள்ளி, கனெக்டரிலிருந்து 3.5 செ.மீ. வரை கேபிளை வளைக்காமல் விடுங்கள்.

பல்லாவரம்: இன்டெல் புராசஸரை வைத்து லீவரை இறக்கும்போது நறநறவென்று சத்தம். உடைத்துவிட்டேனா?

இல்லை, அந்தச் சத்தம் வரும். முக்கோணக் குறி பொருந்தி, கையை எடுத்தபின் புராசஸர் தானாகப் படிந்து உட்கார்ந்திருந்தால் லீவரைத் தைரியமாக இறக்கலாம்.

ஓய்வுபெற்றவர், மயிலாப்பூர்: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. பேரன் 'ஒன்றுமில்லை தாத்தா' என்கிறான். எனக்குப் பிளக் போடவே பயம்.

உங்கள் பயம் நியாயம் சார். அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் ஃபேஸிலிருந்து உடலுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்று என இரண்டு சிறிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் 230-இல் பாதியான 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே உண்மையிலேயே இன்சுலேஷன் போனால் உங்களைக் காக்க அங்கே எதுவும் இல்லை. எர்த் இல்லாத கணினியையும் டிஷ் கேபிள் போட்ட டிவியையும் எச்டிஎம்ஐயில் இணைத்தால் போர்ட் கருகுவதற்கும் இதே காரணம்தான்.

எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் சுமார் 230. ஃபேஸ்–எர்த்தும் ஏறத்தாழ அதே. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் பூஜ்யம் காட்டினாலோ ஒரு நிலையில் நிற்காமல் அலைந்தாலோ எர்த் இல்லை. டெஸ்டர் விளக்கை மட்டும் வைத்து 'எல்லாம் சரி' என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது ஃபேஸை மட்டும்தான் காட்டும்.

ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து 'எர்த் கொடுத்தாச்சு' என்பவர்கள் இருக்கிறார்கள். சுருக்கு நின்றுவிடும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழு 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். எர்த் வயரை வீட்டின் மெயின் போர்டிலிருந்து இழுத்துத்தான் தர வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பேரனிடம் காட்ட மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை: பிளக்கைச் செருகும்போது நீல நிறத்தில் பொறி பறக்கிறது. எஸ்எம்பிஎஸ் போச்சா?

போகவில்லை. காலியாக இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஒரே மடக்கில் நிரம்புகிறது. அந்த ஒரு கணத்துக் கரண்ட் அதிகம். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது செருகாதீர்கள். சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை முழுக்கச் செருகி, பிறகு போடுங்கள். ஆடுகிற பிளக் பாயிண்ட் என்றால் மாற்றுங்கள், 'சர்ர்' என்ற சத்தம் வந்தால் உடனே.

வேளச்சேரி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் கேபினெட் அரையடி நீரில் நின்றது. அப்போதிலிருந்து தொடவில்லை. நன்றாகக் காய்ந்துவிட்டது, இப்போது போட்டுப் பார்க்கலாமா அண்ணா?

போட வேண்டாம் அம்மா. நீர் காய்ந்தாலும் அது கொண்டுவந்த உப்பும் சேறும் போர்டிலேயே ஒட்டியிருக்கும்; கரண்ட் பட்டதும் அவைதான் பாதை போடும். இப்போதைய கேபினெட்டுகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அடியில்தான் இருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால் அதை இ-வேஸ்டில் போடுங்கள். திறந்து கழுவ முயல வேண்டாம். ஓடும்போது அதன் கெபாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கும் மேலோ டிசி இருக்கும்; எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

மதர்போர்டில் காசு போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியை முதலில் எடுங்கள். டார்ச் அடித்துப் பச்சை அல்லது வெள்ளைப் பூஞ்சை போன்ற படிவு எங்கே என்று பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் தேய்த்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விடுங்கள். சிப்புகளின் கால்களே அரித்திருந்தால் அதற்குமேல் உழைக்காதீர்கள். பிறகு வேறு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து, மேலே தாம்பரம் தம்பிக்குச் சொன்னபடி அட்டைப்பெட்டி மேல் குறைந்த உதிரிகளோடு சோதியுங்கள். ஹார்ட் டிஸ்க் நீரில் மூழ்கி, அதில் வேண்டிய படங்கள் இருந்தால் அதற்கு மட்டும் கரண்டே கொடுக்காதீர்கள். டேட்டா மீட்பவர்களிடம் அப்படியே கொடுங்கள். நீங்கள் ஒருமுறை சுழற்றிவிட்டால் அவர்கள் வேலை கெட்டுப்போகும்.

திருவான்மியூர்: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டெஸ்க்டாப், எட்டு வருடமாகப் பரணில். எப்படி எழுப்புவது?

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சிவப்பு நிறச் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். 115 என்று காட்டினால் 230-க்குத் தள்ளுங்கள். 115-இல் வைத்து நம் கரண்ட்டைக் கொடுத்தால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி 650 வரை போகும். தலா 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்களும் வெடிக்கும். இந்த ஸ்விட்ச் இல்லாவிட்டால் லேபிளில் '100–240' என்று இருக்க வேண்டும். 115 மட்டும் என்று இருந்தால் நம் பிளக்கில் போடவே கூடாது.

அடுத்து கேபினெட்டின் மூடியைத் திறங்கள். நம் ஊரில் எஸ்எம்பிஎஸ் ஓட்டைகள் வழியே பல்லி உள்ளே போய் முட்டையிடும். காய்ந்த பல்லி ஒன்று போதும் ஷார்ட்டுக்கு. போர்டில் உருளையான கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியோ கசிந்தோ இருந்தால் நிறுத்துங்கள். கடற்காற்றில் ரேமின் தங்க விளிம்பு மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். பேட்டரியை மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்மேல் சந்தேகம் இருந்தால் பழைய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்துக் கரண்ட் கொடுப்பார். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். திறந்த வயர் வேலை என்பதால் இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன்.

மடிப்பாக்கம்: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை கருப்பு. பயத்தில் உடனே அணைத்துவிட்டேன். எது எரிந்தது?

எதுவும் எரிந்திருக்காது. டிடிஆர்5 (புதிய தலைமுறை) ரேம் என்றால் முதல் தடவை போர்டு ரேமோடு ஒத்துப்போக சிக்னல்களின் நேரத்தையும் வோல்டேஜையும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை கருப்புதான், இடையில் தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

அப்புறமும் வரவில்லையென்றால் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண் எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் புராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. போர்டு எச்டிஎம்ஐயில் படம் வரவே வராது. இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் புராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகள். போர்டின் ஓரத்தில் சிபியு (புராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். டிராம் நின்றால் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் போடுங்கள். சிபியு நின்றால், 8 பின் கேபிளை மறந்திருப்பீர்கள், அதை முதலில் பாருங்கள்.

ஆவடி: ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டை) இல்லாமல் ரேமைத் தொட்டால் ஸ்டேடிக்கில், அதாவது உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தில் போய்விடுமாமே?

சென்னையின் ஈரக் காற்றில் ஸ்டேடிக் அவ்வளவாகச் சேராது. ஏசி அறையில், பாலியஸ்டர் சட்டையோடு என்றால் சேரும். தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமை விளிம்பில் பிடியுங்கள். ஸ்ட்ராப் வாங்கும் காசுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குவது மேல்.

கொளத்தூர்: பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும் என்கிறார்கள். இங்கே மழை வந்தாலே கரண்ட் போகும்.

அப்படிப் போனால் போர்டு எழாமல் போக வாய்ப்பு உண்டு, அதில் பொய்யில்லை. அதனால் யுபிஎஸ்ஸில் செருகிச் செய்யுங்கள். 600 விஏ யுபிஎஸ் என்றால் சுமார் 360 வாட். அப்டேட் நேரத்தில் கணினி அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். பேட்டரி பழசென்றால் முதலில் சுவர் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் தாங்குகிறதா பாருங்கள். உங்கள் போர்டின் பின்னால் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் இருந்தால், பாதியில் நின்றாலும் பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றலாம். இரண்டும் இல்லையென்றால், இப்போதைய பயாஸில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது அப்டேட்டே வேண்டாம்.