80-ல் சரளம், 120-ல் தடுமாற்றம்

கேள்வி: இரண்டு வருடமாகப் பியானோ கற்கிறேன். சி மேஜர் ஸ்கேலை மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 பீட் வைத்து, பீட்டுக்கு நான்கு ஸ்வரமாகத் தெளிவாக வாசிக்க வருகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால், 100 தாண்டியதும் விரல் தடுக்குகிறது, பக்கத்துக் கட்டையில் விழுகிறது, முன்கையும் இறுகிப்போகிறது. எப்படி 120-ஐ எட்டுவது?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. 80-ல் பீட்டுக்கு நான்கு என்றால் நொடிக்கு ஐந்து ஸ்வரத்துக்குச் சற்று மேல். 120-ல் எட்டு. 80-ல் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே கவனித்தபடி ஒப்பேற்றிவிடலாம். நொடிக்கு எட்டு வரும்போது அதற்கு நேரம் கிடையாது. மூன்று நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒரே அசைவாகக் கையிலிருந்து வரவேண்டும். மெட்ரோனோமை இரண்டு இரண்டாக ஏற்றும்போது, மெதுவான வாசிப்புக்குப் பழகிய அசைவையே இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அது எங்கே தாங்கவில்லையோ அங்கே உடைகிறது. உங்கள் உழைப்பில் குறையில்லை, வழியைத்தான் மாற்றவேண்டும்.

எந்த இடத்தில் உடைகிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டைவிரல் மாறும் இடமாக இருக்கும். வலது கையில் மேலே ஏறும்போது சி, டி, இ மூன்றும் 1-2-3 விரல்கள் (கட்டைவிரல்தான் 1). அடுத்து எஃப்-புக்கு மறுபடி கட்டைவிரல். மூன்றாவது விரல் அழுத்திய பிறகு கட்டைவிரலை உள்ளே நுழைப்பது மெதுவாக வாசிக்கும்போது செல்லும். வேகத்தில் அது தாமதம். இரண்டாவது விரல் வாசிக்கும்போதே கட்டைவிரல் கிளம்பியிருக்கவேண்டும். அதைவிட முக்கியம், முன்கை முழுவதும் பக்கவாட்டில் கூடவே நகர்ந்துகொண்டிருக்கவேண்டும். மிக வேகமான வாசிப்பில் பலர் கட்டைவிரலை ஆழமாக உள்ளே நுழைப்பதே இல்லை, கையையே தூக்கி அடுத்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சி-டி-இ மூன்றையும் ஒரே சமயத்தில் கொத்தாக அழுத்துங்கள். கையை நகர்த்தி எஃப்-ஜி-ஏ-பி நான்கையும் கொத்தாக அழுத்துங்கள். அப்புறம் அடுத்த ஆக்டேவில், அதாவது மேல் ஸ்தாயியில், சி-டி-இ. கேட்க இனிமையாக இருக்காது, ஆனால் கை எங்கே போய் உட்காரவேண்டும் என்பது இரண்டே நாளில் தெளிவாகும். அது பழகியபின் கொத்தை அவிழ்த்து, சி-டி-இ மூன்றையும் 120-ன் வேகத்திலேயே ஓட்டி எஃப்-பில் நின்றுவிடுங்கள். நின்ற இடத்தில் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த பிறகே எஃப்-பிலிருந்து அடுத்த சி வரை. இப்படி நான்கு ஸ்வரத்தை முழு வேகத்தில் இன்றைக்கே வாசித்துவிடுவீர்கள். பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டிக்கொண்டே போங்கள். இடது கைக்கு இதே வேலை கீழே இறங்கும்போது வரும்.

பி மேஜர் ஸ்கேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பன் தன் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுத்தார். எல்லாம் வெள்ளைக் கட்டையாக இருக்கும் சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்வதால் கட்டைவிரல் நகர இடம் கிடைக்கிறது. பார்க்கக் கடினமாகத் தெரிந்தாலும் கைக்கு அதுதான் சுலபம்.

சரி, மெதுவாக வாசிப்பது தேவையே இல்லையா? கட்டாயம் தேவை, துல்லியம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் வேகத்தில் என்ன அசைவோ அதே அசைவை மெதுவாகச் செய்யவேண்டும். கட்டை கீழே இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர்தான். விரலை அதற்குமேல் பல மடங்கு தூக்கி அடித்துப் பழகினால் 120-ல் அந்தத் தூரம் முழுக்க வீண்.

தவறு வரும்போது பலரும் செய்வது, தவறான கட்டையை விட்டுச் சரியானதைத் தட்டிவிட்டு மேலே போவது. கை அப்போது 'தவறு, பிறகு சரி' என்ற வரிசையையே கற்றுக்கொள்கிறது. இரண்டு ஸ்வரம் பின்னால் போய், வேகத்தைக் குறைத்து, மூன்று முறை சுத்தமாக வந்தபிறகு தொடருங்கள். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பதைப் பென்சிலில் எழுதிவைத்து, நாளுக்கு நாள் மாற்றாமல் இருங்கள்.

முன்கை இறுகுவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, இறுக்கம் அங்கே தெரிவது அதனால்தான். கட்டையை அழுத்த 50 கிராம் அளவுக்கு எடை போதும். ஆகவே நான்காவது விரலுக்கு வலுவேற்றுகிறேன் என்று அதைப் பிடித்து இழுப்பது, கருவி மாட்டுவது எதுவும் வேண்டாம். இசையமைப்பாளர் ஷூமன் 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் செயலிழந்து மேடை வாசிப்பையே கைவிட்டார். அப்படியொரு கருவிதான் காரணமா என்பது இன்றும் விவாதம்தான், ஆனாலும் அந்த வழிக்கே போகாதீர்கள். இறுக்கம் வந்தால் கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் இருங்கள். வலியாக மாறினால் அன்றைக்குப் பியானோவை மூடிவிடுங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு மணி நேரத்தை இருபது இருபது நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். வேகப் பயிற்சி ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். ராத்திரி வராத இடத்தோடு மல்லுக்கட்டாமல் அப்படியே விட்டுத் தூங்குங்கள். கற்ற அசைவைத் தூக்கத்தில் மூளை உறுதிப்படுத்துகிறது. காலையில் அதே நான்கு ஸ்வரத்தை முதலில் வாசித்துப் பாருங்கள்.