செருப்பில் தொடங்கி விளக்குமாறில் முடிப்பது

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷமாக ஒரு சிறுகதை எழுதுகிறேன், முதல் பத்தியைத் தாண்டவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாகவே போகிறது. போன மாதம் எங்கள் கிளையில் ஒருவருக்குப் பிரிவுபசார விழா. "நீங்கதான் கவிதை எழுதுவீங்களே மேடம், நாலு வரி வாசிங்க" என்று மேனேஜர் கடைசி நிமிஷத்தில் சொல்லிவிட்டார். "'குடையை மட்டும் விட்டுட்டுப் போங்க'ன்னு முடிக்கணும்" என்று மற்றவர்கள் கலாட்டா செய்தார்கள். டீ வருவதற்குள் ஒரு சலானின் பின்பக்கம் எழுதி வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் யோசித்து வராதது, யோசிக்காதபோது எப்படி வந்தது? யோசிப்பதை நிறுத்த என்ன வழி?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, குடையாக. உங்கள் சக ஊழியர்கள் தெரியாமலே உங்களுக்கு ஒரு ஈற்றடி, அதாவது பாட்டு முடிய வேண்டிய கடைசி அடி, கொடுத்திருக்கிறார்கள். கேட்டவுடன் பாடுகிற ஆசுகவிகளுக்குச் சபையில் கொடுப்பது அதைத்தான்.

காளமேகப் புலவரிடம், செருப்பில் தொடங்கி விளக்குமாறில் முடியும்படி வெண்பா பாடச் சொன்னார்களாம். அதுவும் முருகனைப் பற்றி! (நடந்ததா என்று கேட்காதீர்கள், தனிப்பாடல்களோடு ஒட்டிக்கொண்டே வரும் கதைகள் இவை.) 'செருப்புக்கு' என்று ஆரம்பித்தார். செரு என்றால் போர், செரு புக்கு என்றால் போரில் புகுந்து. முடிவில், தாமரைமேல் இருக்கும் வண்டைக் கூப்பிட்டு, முருகனை அணையும் வழியை விளக்குமாறு கேட்கிறது பாட்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன இடம். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும். அதற்காக 'விளக்குமா றே' என்று சொல் உடைகிறது, 'றே' மட்டும் தனியாக நிற்கிறது. துடைப்பத்தை இரண்டாக ஒடித்து இலக்கணத்துக்குள் செருகிவிட்டார் மனுஷர்.

அவர் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? யோசித்திருக்கிறார். ஆனால் எங்கே போய் நிற்பது என்ற கேள்வி அவருக்கு இல்லை. அதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். சீரோடு சீர் சேரும் தளை தட்டுமா, எதுகை வருமா என்ற கவலையும் இல்லை. அது என்றோ உடம்பில் ஊறியாகிவிட்டது. மிச்சமிருந்தது துடைப்பத்திலிருந்து முருகனுக்குப் போகும் வழி மட்டும்தான். கச்சேரியில் கற்பனைஸ்வரம் பாடுகிறவரும் எங்கே சுற்றினாலும் பாட்டின் அடி தொடங்கும் இடமான எடுப்புக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அது நிச்சயம் என்பதால்தான் அவ்வளவு தைரியமாகச் சுற்றுகிறார்.

நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிக்கும் வித்தை, செய்து காட்டினார். அவதானத்தில் முதுகில் விழும் கல்லையும் எண்ண வேண்டும், மணியோசையையும் எண்ண வேண்டும், நடுவில் கேட்ட பாட்டையும் பாட வேண்டும். இஸ்லாமியரான அவரைச் சீண்டுவதற்காக, 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஓர் ஈற்றடி கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். (துருக்கன் என்றால் அந்தக் காலப் பேச்சில் முஸ்லிம்.) முன்னால் ஒரு 'சத்' சேர்த்துச் சத்துருக்கன் ஆக்கி, ராமனின் தம்பியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்த இரண்டு எழுத்து மின்னல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர் அவர். மின்னுவதற்கு அங்கே மேகம் இருந்தது.

என் கதையையும் சொல்கிறேன். கல்லூரியில் எங்கள் தமிழய்யா வெள்ளிக்கிழமைதோறும் ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வார். எனக்குப் பயம். அதனால் எந்த ஈற்றடிக்கும் பொருந்துகிற மாதிரி நிலா, தென்றல், தாய்மொழி எல்லாம் போட்டு மூன்று அடிகளை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போவேன். ஒரு வாரம் அவர் கொடுத்த ஈற்றடியில் எருமை வந்தது. நிலாவில் எருமை ஏறவில்லை, எதுகையும் இடித்தது. "சட்டையைத் தைச்சு வச்சுக்கிட்டு ஆளைத் தேடுறியாப்பா?" என்றார். அந்த மூன்று அடிகளுக்காக நான் ஒரு வாரம் முழுக்க யோசித்திருந்தேன். எருமையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உங்கள் மூன்று வருஷமும் இப்படித்தான் போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். கதையை யோசித்தீர்களா, கதையைப் படித்துவிட்டு மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தீர்களா? சலான் தாளில் எழுதும்போது இரண்டாவதற்கு நேரமே இல்லை, டீ வந்துகொண்டிருந்தது. தவிர, அந்த மனிதரோடு பல வருஷம் பழகியிருப்பீர்கள். ஐந்து நிமிஷத்தில் எழுதியதாக நினைக்கிறீர்கள், நான் நம்பவில்லை.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் யாரிடமாவது ஒரு வாக்கியம் கேளுங்கள். கதையின் கடைசி வாக்கியம் அதுதான். பிடிக்கவில்லை என்று மாற்றக்கூடாது. சமையலுக்கு நடுவில் எரிச்சலோடு சொன்ன வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது. அதை நோக்கி எழுதுங்கள், போய்ச் சேரும்வரை அழிக்காதீர்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம், நானே பத்துத் தடவை திருத்துகிற ஆள்தான்.

அந்தச் சலான் பாட்டையும் அனுப்பி வையுங்கள். அவர் குடையை விட்டுவிட்டுப் போனாரா இல்லையா?

அன்புடன்.