பூங்காவுக்குப் பெயர் எப்படி முடிவாகிறது?

நகரங்கள் பூங்காக்களுக்கு எப்படிப் பெயர் வைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நேரம் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பக்கத்துத் தெரு, ஏரி, பழைய நிலத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். லண்டனின் ஹைட் பார்க் அந்த இடத்திலிருந்த ஹைட் என்ற பண்ணை நிலத்தின் பெயர்தான். சிகாகோவில் முறைப்படி பெயர் முடிவாகும்வரை வெறும் எண்தான், 'பார்க் எண் 571' என்றே அழைக்கப்பட்ட பூங்காகூட உண்டு.

ஆள் பெயர் என்றால்தான் வம்பு. முதலில் மனு, பிறகு மக்கள் கருத்துச் சொல்ல அவகாசம், அப்புறம் மன்றத்தில் வாக்கெடுப்பு. அவர் இறந்து சில வருடங்களாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல நகரங்களில் விதி இருக்கிறது, ஏனென்றால் உயிரோடு இருப்பவர் நாளைக்கு எதில் மாட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? பெரிய நன்கொடை வந்தால் விதி கொஞ்சம் வளையும், அது வேறு கதை. ஒரே பெயரில் இரண்டு பூங்கா இருந்தால் ஆம்புலன்ஸ் தவறான இடத்துக்குப் போய்விடும் என்பதால் அதையும் பார்ப்பார்கள்.