கற்பனையால் உடல் உபாதை குறையுமா?

கேள்வி: மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கூடச் சிலருக்கு வலி குறைகிறதாம், மருந்துப்போலி விளைவு என்கிறார்கள். அப்படியானால் கற்பனையையும் நம்பிக்கையையும் வைத்து நம் உபாதைகளை நாமே குறைத்துக்கொள்ள முடியுமா?

வலி என்றால் முடியும். ஏழு வருடம் தலைவலியோடு வாழ்ந்தவளாகச் சொல்கிறேன். ஆனால் அதே மனசு ஒருநாள் என் அக்காவை ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

எனக்கு வருவது கழுத்தில் பிடித்து, பின்மண்டை வழியாக ஏறி, நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல் இறுக்கும் தலைவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, மூளையில் ஒன்றும் இல்லை. முதலில் பார்த்த மருத்துவர் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "எல்லாம் உங்க மனசுலதாம்மா இருக்கு" என்றார். அழுதுகொண்டே வெளியே வந்தேன். வலியில் துடிக்கிறவரிடம் அப்படிச் சொல்வது பொய் சொல்கிறாய் என்பதற்குச் சமம். அதன் பிறகு யாரிடமும் கேட்காமல் வலி மாத்திரையை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்? எண்ணிப் பார்த்தால் பதினெட்டு நாள். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதம் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். மாத்திரையைக் குறைக்கும் வாரங்களைத் தாக்குப்பிடிக்க ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஆட்டோஜெனிக் பயிற்சி என்று பெயர். யொஹான்னஸ் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1932-லேயே இதைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

செய்வது இவ்வளவுதான். மல்லாந்து படுத்துக் கைகளை உடம்புக்குப் பக்கத்தில் தளர விட வேண்டும். வலது கை கனக்கிறது என்று மனசுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு இடது கை. அடுத்து, கை சூடாகிறது. வெறுமனே அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு எதுவும் நடக்கவில்லை. அதனால் இளஞ்சூடான தண்ணீரில் மணிக்கட்டு வரை கையை முக்கி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டேன். தண்ணீரின் விளிம்பு மணிக்கட்டில் வளையல் மாதிரி நிற்கிறது, விரல் இடுக்குகளில் வெதுவெதுப்பு ஏறுகிறது. முதல் வாரம் முழுக்க எரிச்சல்தான் வந்தது. பத்தாம் நாளோ என்னவோ, விரல் நுனியில் நாடி துடிப்பது தெரிந்தது. கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், நிஜமாகவே சூடு. அந்த நேரத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது: பல்லைக் கடித்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருப்பேன் போல. தாடையைத் தளர்த்தினேன். வலி ஓடிப்போய்விடவில்லை. பெல்ட்டை ஒரு துளை தள்ளி மாட்டினால் வயிறு எப்படி விடுபடுமோ, அப்படி நெற்றி விட்டுக்கொடுத்தது.

இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ஆரம்பத்தில் "வலி போ, வலி போ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லச் சொல்ல மனசு வலியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்? வலியை விட்டுவிட்டுக் கையின் சூட்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பலன் தெரிந்தது. இப்போது மாதம் நான்கைந்து நாள் மாத்திரையோடு நிற்கிறது. இதில் மாத்திரையைக் குறைத்ததன் பங்கு பெரியது. எந்த வலியும் ஏறி இறங்கக்கூடியது, உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும் என்பதையும் கழித்துவிட வேண்டும். அதையெல்லாம் கழித்தும் கற்பனைக்கு ஒரு பங்கு மிஞ்சுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

"மனசுலதான் இருக்கு" என்பவர்களுக்கு 1978-ல் வந்த ஒரு ஆய்வைக் காட்ட ஆசைப்படுகிறேன். பல் பிடுங்கியவர்களுக்கு மருந்துப்போலி கொடுத்தார்கள், சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலோக்சோன் கொடுத்தார்கள். மார்ஃபின் போன்றவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. மருந்துப்போலியால் வலி குறைந்திருந்தவர்களுக்கு வலி மறுபடி ஏறியது. அப்படியானால் அந்த நிவாரணம் வெறும் பிரமையாக இருந்திருக்க முடியாது. எதிர்பார்ப்பு நம் உடம்பிலேயே சுரக்கும் வலி நிவாரணியைத் திறந்துவிட்டிருக்கிறது.

ஏமாந்தால்தான் இது பலிக்குமா, தெரிந்தே செய்தால் பலிக்காதா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மருந்துப்போலியை ஆராயும் டெட் காப்சக்கும் அவருடைய குழுவும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஐபிஎஸ் என்னும் குடல் உபாதை உள்ள 80 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் "இதில் மருந்து கிடையாது" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர்களில் 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரையே தராத பிரிவில் 35 சதவீதம். சின்ன ஆய்வு, குறுகிய காலம். இருந்தாலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

இனி அக்கா கதைக்கு வருகிறேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. என் பயிற்சியைப் பார்த்துவிட்டு, மூச்சுக்குழாய் மலர்ந்து விரிவதாகக் கற்பனை செய்யத் தொடங்கினாள். ஒரு மாலை மூச்சிரைத்தது. இன்ஹேலரைத் தொடாமல் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, "இப்ப பரவாயில்லடி" என்று சிரித்தாள். தோள்பட்டை மட்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை நீட்டினேன். ஊதினாள். வழக்கமாக 380-க்குப் போகிற முள் 220-லேயே நின்றுவிட்டது. அவளால் நம்ப முடியவில்லை, மறுபடி ஊதினாள். அதே 220. இன்ஹேலரை எடுத்துக் கையில் திணித்தேன்.

அவள் பொய் சொல்லவில்லை. 2011-ல் ஆஸ்துமாக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் அப்படியே இதுதான் நடந்தது. நிஜ இன்ஹேலர் எடுத்தபோது மூச்சுத்திணறல் சராசரியாக 50 சதவீதம் தேவலாம் என்று அவர்களே சொன்னார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கும் ஏறக்குறைய அதே அளவு, 45 சதவீதம். ஆனால் நுரையீரலின் ஊதும் திறனை அளந்தபோது, நிஜ மருந்து அதை 20 சதவீதம் உயர்த்தியிருந்தது. மருந்துப்போலி 7 சதவீதம்தான், சும்மா இருந்தாலும் அதே 7. வலி, குமட்டல், அசதி மாதிரி நாம் உணர்வதே உபாதையாக இருக்கும் இடத்தில் கற்பனை கைகொடுக்கும். சுருங்கிய குழாயையோ கட்டியையோ கிருமியையோ அது தொடாது. கட்டி கரைவதாகக் கற்பனை செய்தால் போதும், சிகிச்சை வேண்டாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கற்பனை எதிர்த்திசையிலும் ஓடும், அதற்கு நோசிபோ என்று பெயர். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மருந்தை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் அந்த மருந்தையும், சில மாதம் போலியையும், சில மாதம் எதுவுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மருந்தால் வந்ததாக நினைத்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து, இரவு படுக்கையில் நோய் அறிகுறிகளைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

உங்கள் உபாதை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் முதலில் பரிசோதனை செய்து காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என்றால் படுத்துக் கற்பனை செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அக்கா அந்தக் கற்பனையை விடவில்லை. பயம் குறைகிறது, அதனால் தூக்கம் வருகிறது என்கிறாள். மீட்டரில் ஊதிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்ஹேலர் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கண்ணை மூடுகிறாள்.