மதுரை கக்கன் எம்.பி.யாகவும் இருந்தாரா, மாநில அமைச்சர் மட்டும்தானா?

எம்.பி.யாகவும் இருந்தார்; அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்த காலத்தையும் சேர்த்தால் பத்து வருடத்துக்கு மேல். கக்கன் என்றதும் காமராஜர் அமைச்சரவைதான் ஞாபகம் வரும், ஆனால் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்த அவர், 1946இலேயே அரசியல் நிர்ணய சபைக்குப் போய், அப்புறம் தற்காலிக நாடாளுமன்றம், 1952இல் மதுரையின் மக்களவை உறுப்பினர் என்று 1957 வரை டெல்லியில் இருந்தவர்.

அதற்கும் முன்னால், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன், தாழ்த்தப்பட்டோருக்கு அதுவரை அனுமதி இல்லாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் இவரும் ஒருவர். என்னைக் கேட்டால் அவர் அரசியலைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்கணும். 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சர், பொதுப்பணி, உள்துறை எல்லாம் பார்த்தார். இத்தனை பதவிக்கும் பிறகு மதுரை அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டில் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அரசு உதவி வந்தது. 1981இல் காலமானார்.