எதற்குப் பயப்படுகிறோம், எதனால் சாகிறோம்: கேள்வி பதில்

இறப்புப் புள்ளிவிவரங்களைப் பல வருடமாகப் படித்து வருபவன் என்பதால், செய்திகளைப் பார்த்துவிட்டு வரும் பயங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் ஃப்ளைட் ஏறவே கை நடுங்குகிறது. அடுத்த மாதம் டெல்லியில் கல்யாணம், ட்ரெயினில் டிக்கெட் இல்லை. காரிலேயே போய்விடலாமா? (திருச்சி)

வேண்டாம், ஃப்ளைட்டிலேயே போங்கள். 2025 ஜூன் 12 அன்று விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 உயிர்கள் போயின. அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளுக்கு 460க்கும் மேல், ஒவ்வொரு நாளும், அதில் தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் அந்த வருடம் 17,884 பேர். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நீங்கள் யோசிக்கிற மாதிரியேதான் நிறையப் பேர் யோசித்தார்கள், விமானத்தை விட்டுக் காரில் போனார்கள். அதனால் அடுத்த ஒரு வருடத்தில் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்ததாக கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கணக்கிட்டார். அந்த 1,500 பேர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி பகலாகக் கார் ஓட்டுவதைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டும்.

அப்படியென்றால் டிவிக்காரர்கள் பொய் சொல்கிறார்களா? (நெல்லை)

பொய் இல்லை. அபூர்வமாக நடப்பதுதான் செய்தி, தினமும் நடப்பது செய்தி ஆகாது, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் சிலர் இதை அளந்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இறப்புக் காரணங்களில் இதய நோயின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று, பத்திரிகையில் அதற்குக் கிடைத்த இடமோ 2, 3 சதவீதம்தான். பயங்கரவாதத்தால் இறந்தவர்கள் 0.01 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் நியூயார்க் டைம்ஸ், கார்டியன் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்குத்தான். சட்டென்று ஞாபகத்துக்கு வருவதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனது எடுத்துக்கொள்கிறது, அதை யாராலும் தடுக்க முடியாது. நம் ஊர் நிலவரம் தெரிய வேண்டுமென்றால் தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தேழு என்று வயது போட்டிருக்கும். அந்த வீடுகளில் போய்க் கேட்டால் நெஞ்சுவலி, பக்கவாதம், சுகர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

நிஜமான பெரிய காரணங்கள் என்ன சார்? (சேலம்)

இந்தியாவில் நூறு சாவில் அறுபதுக்கும் மேல் தொற்றாத நோய்கள். இதயமும் பக்கவாதமும் மட்டும் கால் பங்குக்கு மேல், அப்புறம் நுரையீரல் நோய், புற்றுநோய், சர்க்கரை. தொற்று நோய்களில் காசநோயை மறந்துவிட வேண்டாம். 2023இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கேரளாவில் 2018இல் நிபா வந்து 17 பேர் இறந்தபோது நாடே பேசியது. பேச வேண்டியதுதான், அது அவ்வளவு கொடிய வைரஸ். காசநோய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சாவது இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் வீட்டைச் சுற்றி வயல். ராஜநாகம் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்கிறார்கள். இதுவும் தேவையில்லாத பயம்தானா? (தேனி)

இல்லை அம்மா, இது நேர்மாறான விஷயம். பாம்புக்கடிக்கு நாம் பயப்படுவது போதாது, பயப்படுகிற பாம்புதான் தப்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருடத்துக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இதில் கொஞ்சம்தான் இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் சாவு கிராமத்து வீட்டிலேயே நடந்துவிடுகிறது. வீடு வீடாகப் போய், இறந்தவருக்குக் கடைசி நாட்களில் என்ன ஆனது என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் இந்த எண் வெளியே வந்தது. இந்தச் சாவுகளில் ராஜநாகத்துக்குப் பங்கு மிகமிகக் குறைவு. ஆளைக் கொல்வது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலியே தெரியாது, விடியும்போது கண் இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சு திணறும்.

அதனால் பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள், தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். இருட்டில் வெளியே போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு 108இல் போங்கள். அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கமாக அந்த வேலையைச் செய்கிறார்கள்.

ஜிம்மில் இளைஞர்கள் சுருண்டு விழும் வீடியோ தினமும் வருகிறது. எல்லாம் கொரோனா தடுப்பூசியால் என்கிறார்களே? (கோவை)

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) இதை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதில் திடீரென்று இறந்தவர்களை எடுத்துப் பார்த்ததில் தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் நடந்தவர்கள், இறப்பதற்கு முந்தின இரண்டு நாளில் அளவு மீறிக் குடித்தவர்கள், உடம்பை மீறிப் பயிற்சி செய்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து கூடியிருந்தது. உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ சின்ன வயதில் நெஞ்சுவலியால் போயிருந்தால் ஜிம்மில் சேரும் முன் டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக எங்கள் குடும்ப குரூப்பில் ஆடியோ சுற்றுகிறது. நம்பலாமா? (வேலூர்)

தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குடும்பத்தோடு கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அப்போது சுற்றியதும் இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திதான். பிள்ளைகளுக்கு ஆபத்து தண்ணீரிலும் ரோட்டிலும் இருக்கிறது. லீவு விட்டால் கிணறு, கல்குவாரி, ஆற்று மணல் அள்ளிய பள்ளம் என்று போய்விடுவார்கள். 2022இல் நாடு முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

எந்த சேனலைப் போட்டாலும் கொலை. நாடு கெட்டுப்போய்விட்டதா ஐயா? (மதுரை)

2022இல் கொலை வழக்குகள் 28,522. அதே வருடம் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. வெளியாள் வந்து என்ன செய்வானோ என்று கதவைப் பூட்டுகிறோம், உள்ளே ஒருவர் பேசாமல், சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடப்பதைக் கவனிப்பதில்லை. அப்படி யாரையாவது பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல உதவிக்கு 14416, 104 இரண்டுமே இலவச எண்கள், தமிழில் பேசலாம்.

அப்பாவுக்கு 58. பிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார், "எனக்கு ஒண்ணும் பண்ணல" என்கிறார். என்ன சொல்வது? (தஞ்சாவூர்)

பிபி அதிகமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் பண்ணாதுதான், பக்கவாதம் வருகிற வரைக்கும். இந்தியாவில் 22 கோடிப் பேருக்கு இது இருப்பதாகவும், அதில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் என்றும் மதிப்பீடு. அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குடும்ப டாக்டரிடமோ கூட்டிப்போய் அவர் கண் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். வெளியே வர மாட்டேன் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். அவர் டூவீலர் ஓட்டுபவர் என்றால் ஹெல்மெட்டையும் மாட்டச் சொல்லுங்கள், 2022இல் அது இல்லாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர்.