பெரிய பம்பு வாங்காதீர்கள்

கேள்வி: தக்கலையில் வசிக்கிறேன். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றிக் குடும்பச் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடுகிறேன். 150 லிட்டர் தொட்டி, 12 வோல்ட் பம்பு. ஷவரில் தண்ணீர் காற்றோடு விட்டுவிட்டு வருகிறது; அளவுகாட்டி பாதி காட்டும்போதே நின்றுவிடுகிறது. இரவில் எந்தக் குழாயையும் திறக்காமலே பம்பு தானாக ஓடி ஓடி நிற்கிறது. தண்ணீர் நாற்றமும் அடிக்கிறது. பம்பு போய்விட்டது, இதைவிடப் பெரியதாகப் போட வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பம்பு ஓடுகிறது, அழுத்தம் ஏறியதும் நிற்கவும் செய்கிறது. செத்துப்போன பம்பு இப்படி நடந்துகொள்ளாது. கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால், அதாவது தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு அடிக் குழாயிலோ தொட்டிக்குள்ளேயோதான் இருக்கும். அந்தப் பகுதி இருக்கைக்கு அடியில் கை நுழையாத இடத்தில் மாட்டப்பட்டிருப்பதால் அதைக் கழற்றிப் பார்க்க எந்தப் பட்டறையிலும் ஆள் முன்வருவதில்லை. பம்பைக் கழற்றுவது சுலபம், புதிய பம்பு விற்றால் லாபமும் உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பின் பின்னணி இவ்வளவுதான்.

முதலில் அளவுகாட்டியைச் சந்தேகியுங்கள். தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரங்களில் பதித்த உலோக முனைகளைத் தண்ணீர் தொடுகிறதா என்று பார்த்துத்தான் இந்த விளக்குகள் எரிகின்றன. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கரையோர ஊர்களில் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வந்தால் அந்த முனைகளைச் சுற்றி உப்பும் பாசியும் படிந்துவிடும். தண்ணீர் இறங்கிய பிறகும் ஈரமான அந்தப் படிவின் வழியே மின்சாரம் ஓடும். காலியான தொட்டியும் பாதி என்று காட்டும். ஆகவே அடுத்த முறை தண்ணீர் நிற்கும்போது தொட்டியின் அடித்திறப்பைத் திறந்து, மிஞ்சியிருப்பதை வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு வாளிகூட வரவில்லை என்றால் உங்கள் சிக்கலில் ஒரு பாதி முனைகளைத் துடைப்பதோடு தீர்ந்தது.

உண்மையிலேயே பாதித் தொட்டி தண்ணீர் இருக்கிறதா? அப்படியானால் நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஷவரை ஓட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, பிறகு தண்ணீர் ஒழுங்காக வந்தால், தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும்; போகாவிட்டால் பம்பு வெற்றிடத்தோடு மல்லுக்கட்டும், மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கிப் பிளந்தும் போகலாம். குளவி கட்டிய கூடும் செம்மண்ணும்தான் வழக்கமான அடைப்புகள். மூடியைத் திறந்தும் மாற்றமில்லை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் நிற்கிறது என்றால், தொட்டிக்குள் மேலிருந்து இறங்கும் உறிஞ்சுகுழாயில் அந்த உயரத்தில் விரிசல் இருக்கிறது. தண்ணீர் விரிசலுக்கு மேலே நிற்கும்வரை எதுவும் தெரியாது; கீழே இறங்கியதும் பம்பு தண்ணீரை விட்டுக் காற்றைக் குடிக்கத் தொடங்கும். பேச்சிப்பாறைச் சாலை போன்ற ஏற்ற இறக்கத்தில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினாலும் இதே விளைவு வரும் என்பதால், சோதனையைச் சமதளத்தில் செய்யுங்கள்.

ஷவரில் காற்று கலந்து வருவதற்கும் பெரும்பாலும் இந்த உறிஞ்சும் பக்கமே காரணம். இங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகையால் ஈரத்தைத் தேடி ஏமாறாதீர்கள். பம்பின் வாயில் இருக்கும் சிறிய வடிகட்டியைத் திருகித் திறந்து வலையைக் கழுவுங்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்தோ பிதுங்கியோ இருந்தால் மாற்றுங்கள். குழாயை இறுக்கும் கிளிப்புகளைப் பாருங்கள். கடல்காற்றில் சாதாரண இரும்புக் கிளிப் சீக்கிரமே துருவேறித் தளர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பே போட வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டியிருந்தால், அது வெயிலில் இளகி, பம்பு இழுக்கும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே நூலோ கம்பிச்சுருளோ பின்னிய, உணவுத்தரக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த நிலையில் பெரிய பம்பைப் போட்டால் என்ன ஆகும்? அது இன்னும் பலமாக இழுக்கும். காற்றும் கூடுதலாக வரும், இளகிய குழாயும் கூடுதலாக ஒட்டும். மின்சாரமும் அதிகம் கேட்கும். இப்போதைய பம்பு 7 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்திலிருந்து 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்திருந்தால், போகவும் வரவுமாக முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு சுமார் 0.3 வோல்ட்தான். பெரிய பம்பைப் பழைய ஒயரில் மாட்டினால் ஒயர் சுடும், ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போகிறதே என்று அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவார்கள், பிறகு தீப்பிடிக்கும். பெரிய பம்பை விற்றவர் அடுத்தபடியாகப் பெரிய தொட்டியையும் விற்க வருவார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் தொட்டியை நிரப்பினால் வண்டி 300 கிலோவைச் சுமக்கிறது, அதுவும் தொட்டி சற்றுக் குறைந்ததும் வளைவுகளில் அலைமோதும் சுமை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ‘ஆர்டிஓ ஆபீஸில் நான் பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் இடைத்தரகர், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் வந்து பேசப்போவதில்லை. கழற்றிய பழைய பம்பைப் பட்டறையில் விட்டுவிட்டும் வராதீர்கள். துடைத்துப் பளபளப்பாக்கி, வெளிநாட்டுச் சரக்கு என்று இன்னொருவர் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி இரவுச் சத்தம். பம்பு குழாய்களில் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தை ஏற்றிவிட்டுத் தானாக நிற்கிறது. அந்த அழுத்தம் எங்கோ குறைந்தால் மறுபடி ஓடுகிறது. கழிப்பறைக் குழாயிலோ ஷவர் இணைப்பிலோ சொட்டுவதே வழக்கமான காரணம். உலர்ந்த காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் இதில் மட்டும் குற்றம் பம்பினுடையது. எங்குமே ஈரமில்லை, ஆனாலும் பம்பு ஓடுகிறது என்றால், பம்பின் தலைப்பகுதிக்குள் இருக்கும் ஒருவழி வால்வில் மணல் சிக்கி, தண்ணீர் பின்வாங்கித் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கலாம். திரும்புவது தொட்டிக்குள் என்பதால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க, பம்பின் வெளிவாய்க்கு அடுத்து ஒரு பந்து வால்வை, அதாவது கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வை, பொருத்துங்கள். பம்பு அழுத்தம் ஏற்றித் தானாக நின்ற பிறகு அந்த வால்வை மூடிவிட்டு, பம்பின் சுவிட்சைப் போட்டபடியே விடுங்கள். இரவு முழுவதும் அமைதியாக இருந்தால் கசிவு வால்வுக்கு அப்பால், குழாய்களில்தான், மறுபடி தேடுங்கள். வால்வை மூடியும் பம்பு ஓடினால் கோளாறு பம்பின் தலைக்குள். அப்போதும் முழுப் பம்பு தேவையில்லை: திருகுகளைக் கழற்றித் தலைப்பகுதியைத் திறந்து கழுவினால் போதும், அல்லது அதற்கான வால்வுத் தொகுதியை மட்டும் மாற்றலாம். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வெந்நீர்க் கொதிகலன் இருந்து, அதை அணைத்த பின் இரவில் பம்பு ஒரே ஒரு முறை ஓடினால் அது கோளாறே அல்ல. சூடான நீர் ஆறிச் சுருங்கும்போது அழுத்தம் இறங்குகிறது. பல முறை ஓடினால்தான் மேற்சொன்ன சோதனை.

நாற்றம் தேங்கிய தண்ணீரிலிருந்து வருகிறது; பச்சைக் குழாயின் பிளாஸ்டிக் வாடையும் அதில் சேர்ந்திருக்கக்கூடும். தொட்டியைக் காலி செய்து, 100 லிட்டருக்குச் சுமார் 15 கிராம் வீதம், அதாவது உங்கள் தொட்டிக்கு 22 கிராம் அளவில், புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடரை வாளியில் கரையுங்கள். நம் மாவட்டத்து ஈரக்காற்றில் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. கசடு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். குடிநீர் வடிகட்டியின் உட்பகுதியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 4 மணி நேரம் கழித்து வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வண்டி சும்மா நிற்கும் நாள்களில் தொட்டி காலியாகவே இருக்கட்டும்.

ஆனால் மறுபடி நிரப்ப நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2021லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வந்துவிட்டது. இந்தப் பக்கத்திலோ, வண்டியில் குடிநீர் நிரப்பவும் கழிவுநீரை இறக்கவும் இடம் எது என்று கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. வாகன நிறுத்தக் கட்டணம் வாங்க மட்டும் ஆள் தயாராக நிற்கிறார். லாரித் தண்ணீர் விற்பவர்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை வண்டியில் வைத்திருந்து, நிரப்பும் முன் அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆகவே வாடகைக்கு வருகிறவர்கள் குடிக்க, தொட்டித் தண்ணீரைக் கொடுக்காமல் தனிக் கேன் வைத்துவிடுங்கள்.